மேரிறோஸுக்கு ஒரு இலைக் கூரை

மரம் வளர்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கிய நாளிலிருந்து, மழைநீர் ஓடும் கூரைப் பீலிக்குள் இலை அள்ளி அள்ளி என் இடுப்பு போய்விட்டது. மரம் என்றதும் நிழல், குருவி, காற்று என்று உருகுகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏணியைப் பிடிக்கட்டும், பிறகு பேசலாம். அதனால் பின்வேலிக்கு அப்பால் புதிதாகக் குடிவந்த மனிதர் இரண்டு வரிசையாகக் குழி தோண்டுவதைக் கண்டதும் நான் வணக்கம் சொல்லப் போகவில்லை. சண்டைக்குத்தான் போனேன்.

"என்ன மரம் வைக்கப் போறீர்?"

"லில்லி பில்லி அண்ணை."

"அது வளந்து என்ர பீலியெல்லாத்தையும் அடைக்கும். வேறை ஏதும் வையுமன். கத்தரி, மிளகாய் எண்டு."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "இது தோட்டம் இல்லை அண்ணை. கோயில் கட்டுறன்."

ஆளுக்கு மூளை கொஞ்சம் தட்டிப்போட்டுது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்தான் அம்புறோஸ். மன்னார்க் கத்தோலிக்கர். அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், பாதிரியாரைச் சாமி என்பார்கள். நான் யாழ்ப்பாணத்துச் சைவன், பெயர் கணேசலிங்கம், சிட்னியில் பஸ் ஓட்டி ஓய்ந்தவன். அம்புறோஸ் ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். காலையில் வந்து, இரண்டு துண்டு பாண் சாப்பிட்டு, மத்தியானம் வரை தூங்குவார். எழுந்ததும் அந்தக் கன்றுகளிடம் போய்விடுவார். அவை என்னுடைய பீலிக்கு எதிரிகள் என்பதால் நான் வேலிக்கு மேலால் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். எட்டிப் பார்த்துப் பார்த்தே சிநேகிதம் ஆகிவிட்டது.

அவருடைய மனைவி மேரிறோஸை நான் முதலில் கண்டது வேலிக்கு மேலால் அல்ல. ஒரு ஞாயிறு என் மனைவி யோகாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர்களுடைய கோயிலின் கார் பார்க்கில் ஒரு பெண் குடை பிடித்தபடி தனியாக நின்றார். நல்ல மழை. உள்ளே பூசை நடக்கிறது, பாட்டுச் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. இந்தப் பெண் வெளியே நின்று, உள்ளே இருக்கிறவர்கள் முழங்காலில் இருக்கும்போது தானும் தலை குனிந்து, அவர்கள் எழும்பும்போது நிமிர்ந்து, முழுப் பூசையையும் கார்களுக்கு நடுவே கண்டுகொண்டிருந்தார். திரும்பி வரும்போதும் அப்படியே நின்றார்.

அன்று பின்னேரம் அம்புறோஸிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டால்தானே இந்தக் கதை.

சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடியபோது, வழியில் ஒரு சின்னக் கோயிலுக்குள் சனம் ஒதுங்கியிருக்கிறது. அம்புறோஸ் வெளியே பதுங்குகுழியில் இருப்போம் என்றாராம். மேரிறோஸ் கேட்கவில்லை. அந்தோனியார் காப்பாற்றுவார், உள்ளே போவோம் என்று மகன் டினேஷின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஷெல் கூரையில் விழுந்தது. தாய் மகனுக்கு மேலே கவிழ்ந்து படுத்திருக்கிறார். கவிழ்ந்து படுத்த தாய்க்குக் கீறல்தான். மகன் இல்லை. அவனுக்கு ஒன்பது வயது.

"அதுக்குப் பிறகு அவ எந்தக் கோயிலுக்குள்ளையும் காலடி வைக்கேல்லை அண்ணை," என்றார் அம்புறோஸ். "வீட்டுக்குள்ள இருப்பா, கடைக்குப் போவா, ஆசுப்பத்திரிக்குப் போவா. கோயில் கூரைக்குக் கீழ மட்டும் ஏலாது. வாசல்ல கால் வைச்சவுடனை மேல பாப்பா. பிறகு மூச்சு வராது."

வருடா வருடம் டினேஷுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். சாமி பெயரை வாசிக்கும்போது உள்ளே அம்புறோஸும் மகள் றொசானாவும் இருப்பார்கள். பெற்றவள் அந்தப் பெயரைக் கார் பார்க்கில் ஒலிபெருக்கியில் கேட்பாள். மகனுடைய பூசைக்கு அவளைக் கோயிலுக்குள் உட்கார வைக்கவேண்டும். அம்புறோஸுக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

வழி காட்டியது றொசானாவின் ஃபோன். நியூசிலாந்தில் ஒருவர் உயிருள்ள மரங்களை வளைத்தே ஒரு கோயில் வளர்த்திருக்கிறார் என்று வீடியோ ஒன்றைத் தகப்பனுக்குக் காட்டியிருக்கிறாள். அதன்பின் இந்த மனிதரை யாராலும் பிடிக்க முடியவில்லை. இத்தாலியில் மரத்தூண்களால் வளரும் பேராலயம், பிரான்ஸில் ஒரு கிழட்டு ஓக் மரத்தின் வயிற்றுக்குள் இருக்கும் சிற்றாலயம், மேகாலயாவில் வேர்களைப் பின்னி ஆற்றைக் கடக்கும் பாலம் என்று உலகத்தில் இருக்கிற அதிசய மரமெல்லாம் அந்த ஃபோனுக்குள் வந்து சேர்ந்தன. சிநேகிதமான பிறகு எனக்கும் காட்டுவார். நான் பார்க்காமலே "வடிவாய்த்தான் இருக்கு" என்பேன். இந்த வீட்டுக்குக் குடிவரும் முன்பே லீவு எடுத்துக்கொண்டு நியூசிலாந்துக்கே போயிருக்கிறார். கடல், மலை ஒன்றும் பார்க்கவில்லை. அந்த மரக்கோயிலில் நாள் முழுக்க உட்கார்ந்து, மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"விழுறதுக்கு அங்க ஒண்டும் இல்லை அண்ணை," என்றார். "இலை மட்டும்தான். இலை விழுந்து ஆர் செத்தது?"

இப்படித்தான் அந்த இரண்டு வரிசை. இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, இரு பக்கத்துக் கன்றுகளையும் அதன்மேல் சாய்த்துக் கட்டினார். கயிறு பட்டால் பட்டை வெட்டும், பெண்கள் காலில் போடும் பழைய ஸ்டொக்கிங்ஸ் நல்லது என்று எங்கோ படித்திருக்கிறார். பூசை முடிந்து வரும் பெண்களிடம் இந்த மனிதர் கூச்சமில்லாமல் "உங்கட பழைய ஸ்டொக்கிங்ஸ் இருந்தாத் தாங்கோ" என்று கேட்கத் தொடங்கினார். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? லிட்கம்மில் ஒரு கலியாண வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் பை பையாக வந்து சேர்ந்தது. யோகாகூடக் கொடுத்தாள், எனக்குச் சொல்லாமல்.

மரங்கள் பன்னிரண்டு வருடம் எடுத்தன. மேலே கைகோத்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி, வெயில் பச்சையாக இறங்கும் ஒரு நீளக் கூடம் உண்டானது. நடுவில் உட்கார மர வாங்குகள். வாசலில் முதல் மரத்தடியில் சின்ன அந்தோனியார் சிலை. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் தோட்டம் பார்க்கும் சங்கம் ஒன்றிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். மெல்பேர்ன் கிரெய்கிபர்னிலிருந்து ஒரு குடும்பம், பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்குப் படம் எடுக்க வந்தது. எல்லாரும் உள்ளே போய் மேலே பார்த்து "ஆ" என்றார்கள். நானும் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது. பீலியை மறந்துவிட்டேன்.

மேரிறோஸ் மட்டும் வாசலோடு நின்றார். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுப்பார், உள்ளே வரமாட்டார். குழாயைக் காட்டுவார். "இரும்பு இருக்குதுதானே," என்பார். அம்புறோஸ் மரங்கள் தாமே நிற்கும் மட்டும் பொறுத்திருந்து, போன கோடையில் குழாய்களை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். கடைசிக் குழாயை எடுத்த அன்று இருவரும் என் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தார்கள். டினேஷின் பூசையை நவம்பரில், மரித்தவர்களின் மாதத்தில், மரக்கோயிலுக்குள்ளேயே வைப்பது என்று முடிவாகியிருந்தது. தூத்துக்குடிச் சாமி ஒருவர் வர ஒத்துக்கொண்டார்.

"வருவியளோ தங்கச்சி?" என்று கேட்டேன்.

"நேர்ந்திருக்கிறன் அண்ணை," என்றார் மேரிறோஸ். "அந்தோனியார் தைரியம் தந்தா வருவன்."

என்ன நேர்ந்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பாழாய்ப்போன நாங்கள்.

குளிர்காலம் முடியும்போது இலை விளிம்புகள் பழுப்பாகத் தொடங்கின. முதலில் வாசலில், பிறகு வரிசை முழுக்க. அம்புறோஸ் தண்ணீரைக் கூட்டினார். உரம் போட்டார். பூச்சி மருந்து அடித்தார். செப்டம்பரில் இலை கொட்டத் தொடங்கியது. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம், இந்த நாட்டு வசந்தத்தில் கொட்டுகிறது! எனக்கு ஆத்திரம் அம்புறோஸின் பக்கத்து வீட்டுக்காரன்மேல். அவனும் என்னைப் போல இலைக்கு எதிரி, நகரசபைக்கு முறைப்பாடு போட்டவன். அவன்தான் எதையோ ஊற்றிவிட்டான் என்று நான் சத்தியமே செய்தேன்.

ஒரு காலை அம்புறோஸ் வேலையால் வந்தவர் தூங்கப் போகவில்லை. வேரைப் பார்க்கலாம் என்று என்னையும் கூப்பிட்டார். மூன்றாவது மரத்தடியில் உட்கார்ந்து, மூடிக் கிடந்த சருகை விலக்கினார். கீழே மண்மேல் வெள்ளையாக ஒரு படிவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என் பக்கம் விரலை நீட்டினார். நானும் நாக்கில் வைத்தேன். உப்பு.

"நான் சொன்னனான்! அந்த அறுவான்தான்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் எழும்பப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவை உடைக்கிற வேகம்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. கணவர் தூங்குகிறார் என்ற நினைப்பில் மேரிறோஸ் வந்தார். கையில் சட்டி. நாங்கள் அந்தப் பக்கத்து வரிசைக்குப் பின்னால் குந்தியிருந்தோம். முதல் மரத்தடியில் குனிந்து ஒரு பிடி உப்பை வைத்தார், சிலுவை போட்டார், ஏதோ முணுமுணுத்தார். அடுத்த மரம். ஒரு பிடி, ஒரு சிலுவை. எங்களைக் கண்டதும் திடுக்கிட்டு, பிறகு பிடிபட்ட பிள்ளையின் சிரிப்போடு நின்றார்.

"உங்களுக்குச் சொல்லாமச் செய்யவேணும் எண்டு நேர்ந்தனான்," என்றார் அம்புறோஸைப் பார்த்து. "அந்தோனியாருக்கு உப்பு. ஊரிலை செய்யிறதுதானே. உப்புக் கரையிற மாதிரி வருத்தமும் கரையும். குழாய் எடுத்த நாளிலை இருந்து வைக்கிறன், ஒரு நாளும் விடேல்லை. வைக்கிற உப்பு அடுத்த நாள் பாத்தா இல்லை. அவர் ஏத்துக்கொள்ளுறார்."

ஏற்றுக்கொண்டது யார் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் பின்னேரம் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அந்த உப்பைக் கரைத்து வேருக்கு அனுப்பியது அம்புறோஸ். கட்டி உப்பு மூட்டையைத் தமிழ்க் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்ததும் அவர்தான். ஊறுகாய் போடப் போகிறேன் என்று சொல்லி மேரிறோஸ் வாங்குவித்திருக்கிறார்.

மேரிறோஸ் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "இப்ப மரங்களுக்கும் சுகமில்லைதானே. அதுகளுக்கும் சேத்து நேர்ந்து, ரெண்டு பங்கா வைக்கிறன்."

அம்புறோஸ் உப்புப் பட்ட விரலைக் காற்சட்டையில் துடைத்தார். பிறகு, "சரி மேரி, உள்ள போம், குளிருது," என்றார்.

அவர் உள்ளே போனதும் நான் பாய்ந்தேன். "சொல்லும் காணும்! உப்புத்தான் மரத்தைக் கொல்லுது எண்டு சொல்லும். இல்லாட்டி நான் சொல்லுறன்."

அம்புறோஸ் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியின் வலி இப்போதும் இருக்கிறது. "அண்ணை, அண்டைக்கு அவதான் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போனவ. இத்தனை வருசமா அவ அதைத்தான் சுமக்கிறா. இதுவும் அவதான் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது? சொன்னா அவ உயிரோட இருப்பாவோ?"

நான் குனிந்து, மரத்தடியில் கிடந்த உப்பைக் கையால் அள்ளத் தொடங்கினேன்.

உப்பை நிறுத்த அவர் ஒரு பொய் சொன்னார். சாமியிடம் கேட்டேன், நேர்த்தி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, இனி உப்பு வைக்கத் தேவையில்லை என்றார். மேரிறோஸின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "அப்ப நான் உள்ள போகலாம்தானே?" என்று குழந்தை மாதிரிக் கேட்டார். ஓம் என்றார் அம்புறோஸ். ஊருக்கு இன்னொரு பொய். உரத்தைக் கூட்டிப் போட்டு நானே மரங்களைப் பழுதாக்கிவிட்டேன் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாண் சுடுகிறவனுக்கு மரம் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டு நின்றார். இரவும் பகலுமாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவியும் பார்த்தார். காலம் கடந்துவிட்டது. நவம்பர் வந்தபோது கூடம் முழுக்கக் காய்ந்த கொப்புகள். மேலே வானம் தெரிந்தது.

பூசையைத் தள்ளி வைப்போம் என்றேன். மேரிறோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. நேர்த்தி நிறைவேறிவிட்டது, அந்தோனியாரைக் காக்க வைக்கக் கூடாது என்றார்.

தூத்துக்குடிச் சாமி வந்து, வாசலில் நின்று மேலே பார்த்தார். "வேண்டாங்க. எல்லாம் காஞ்சு கெடக்கு, யார் மேலயாச்சும் விழுந்தா? வெளியவே வச்சுக்கலாம்," என்றார். அவரில் பிழை இல்லை. நானும் அதையே சொல்லியிருப்பேன். உள்ளே கிடந்த வாங்குகளை வெளியே எடுத்து, புல்லில் கதிரைகளும் போட்டார்கள், மேசை ஒன்றைப் பீடமாக்கினார்கள். வந்த சனம் எல்லாம் வெளியே உட்கார்ந்தது.

மேரிறோஸ் ஒரு கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"மேரி, வெளியாலை வா!" என்று அம்புறோஸ் கத்தினார். பன்னிரண்டு வருடம் உள்ளே வா, உள்ளே வா என்று அந்தப் பெண்ணுக்காக மரம் வளைத்த மனிதர், அவர் உள்ளே போன நாளில் வெளியே வா என்று கத்தினார். றொசானா "மம், ப்ளீஸ்" என்று அழுதாள். மேரிறோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் கதிரையை வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் பயம் இல்லை. சத்தியமாக இல்லை. சாமி எங்களைப் பார்த்தார், பிறகு பூசையைத் தொடங்கிவிட்டார்.

டினேஷின் பெயரை வாசித்தபோது மேரிறோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெயரை ஒரு கோயிலுக்குள் இருந்து அவர் கேட்டது அதுதான் முதல் தரம். இந்த ஒரு நிமிடத்துக்காகவா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தால் என்ன, யாரும் பார்க்கவில்லை.

அப்போது காற்று கிளம்பியது. பெரிய காற்றுக்கூட இல்லை. மேலே ஒரு கொப்பு முறிந்தது. காய்ந்த கொப்பு முறிகிற சத்தம் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. அது அவருக்கு எட்டாத தூரத்தில்தான் விழுந்தது, ஒரு கீறலும் படவில்லை. ஆனால் மேரிறோஸ் கதிரையிலிருந்து நிலத்தில் விழுந்தார். விழவில்லை, கவிழ்ந்தார். இரண்டு கையையும் நிலத்தில் வளைத்து, தலையைப் புதைத்து, முதுகைக் கூனி, தனக்குக் கீழே எதையோ மூடிக்கொண்டு கிடந்தார். கீழே ஒன்றும் இல்லை. சருகுதான் இருந்தது.

அம்புறோஸ் ஓடிப்போய் அவருக்கு மேலே கவிழ்ந்துகொண்டார். சாமி பாதியில் நிறுத்திவிட்டார்.

மரங்களை அடுத்த கிழமை வெட்டினார்கள். வேரையும் மெஷினில் அரைத்து எடுத்தார்கள். அந்த இடத்தில் புல்லும் வரவில்லை, ஒரு நீளமான மொட்டைத் துண்டு என் வேலிவரை கிடக்கிறது. என் பீலி இப்போது சுத்தமாக இருக்கிறது. மேரிறோஸ் இப்போது கார் பார்க்குக்கும் போவதில்லை. ஞாயிறுகளில் அம்புறோஸ் தனியாகப் போய்விட்டு வருகிறார். உள்ளே போகிறாரா, மனைவி நின்ற இடத்தில் நிற்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

போன கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். குசினி மேசையில் மூவரும் இருந்தோம். மேரிறோஸ் மீன் குழம்பும் பருப்பும் போட்டார். அவர் பேச்சு இப்போது குறைவு. சாப்பிடத் தொடங்க முன் திடீரென்று என்னைக் கேட்டார்.

"அண்ணை, மரம் ஏன் செத்தது?"

சொல்லும் சொல்லும் என்று அம்புறோஸைத் துள்ளிக் குதித்துத் திட்டியவன் நான். "உரம் கூடிப்போச்சுத் தங்கச்சி," என்றேன்.

"ஓம்," என்றார் மேரிறோஸ். "இவரும் அப்பிடித்தான் சொன்னவர்."

குழம்பை வாயில் வைத்தேன். உப்பு இல்லை. பருப்பில் இல்லை. சோற்றில் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, எழும்பி அலுமாரியைத் திறந்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள், சீரகம் எல்லாம் போத்தல் போத்தலாக இருந்தன. உப்புப் போத்தல் இருந்த இடம் துடைத்து வெறுமையாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். மேரிறோஸ் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்புறோஸ் என்னைப் பார்த்து, கேட்காதேங்கோ என்று கண்ணால் சொன்னார். எத்தனை நாளாக இப்படிச் சாப்பிடுகிறார்களோ தெரியாது.

நான் அலுமாரியைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். மூவரும் சாப்பிட்டு முடித்தோம்.